முதுகொடித் தேறல்

மாசி, பங்குனி மாதங்களில் கல்கத்தா நகரின் கரியாஹாட் நாற்சந்தி வழியே செல்பவர் எவரும் திராட்சைக் குவியல்களைக் காணாமல் வீடு திரும்புதல் இயலாது. ராஷ்பிஹாரி அவென்யூவும் கரியாஹாட் சாலையும் கூடுகின்ற அவ்விடத்தில், புடவைக் கடைகளுக்கும் மீன் அங்காடிக்கும் இடையே, கூடைகளிலும் தள்ளுவண்டிகளிலும் பச்சை நிறத்தனவும் கருநிறத்தனவுமாகக் குலைகள் அடுக்கப்பட்டிருக்கும். பெரும்பாலானவை மகாராஷ்டிரத்து நாசிக் பகுதியினின்று வருவன. வங்காளியர் அதனை ஆங்கூர் என்பர். நாம் திராட்சை என்கிறோம். திராட்சை என்பது வடசொல்லின் வழிவந்தது. நம் முன்னோர் வழங்கிய பெயர் கொடிமுந்திரி. மலையாள நாட்டில் இன்றும் முந்திரி என்றால் திராட்சையே. தமிழ்நாட்டிலோ முந்திரி என்ற பெயரைப் பின்னாளில் கடல் கடந்து வந்த வேறொரு மரத்தின் கொட்டை பறித்துக்கொண்டது. பிறமாநிலத்தில் வாழும் தமிழர் கேரளத்துக் கடையொன்றில் இதனால் ஏமாறுதல் கூடும் என்பதற்காகவே இங்குக் குறிப்பிட்டேன்.

இக்கட்டுரைக்குக் காரணமாயிருந்தது ஒரு புட்டி. அண்டை வீட்டில் வாழும் வங்காளி அன்பர் ஒருவரின் புதல்வர் ஆஸ்திரேலியாவில் பணிபுரிகின்றார். விடுமுறைக்கு வந்தபோது அவர் கொணர்ந்த சிவப்பு ஒயின் புட்டியின் மீது, அது மிக வயது முதிர்ந்த கிரனாஷ் கொடிகளின் கனியால் ஆனது என்றும், நயமிக்கது என்றும் எழுதப்பட்டிருந்தது. அன்பர் என்னை அழைத்து, "மொஷாய், தாங்கள் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவர், இதனை எனக்கு விளக்க வேண்டும். மது பழையதாயின் சிறப்பு என்று கேட்டிருக்கிறேன். கொடி கிழடானால் அதில் என்ன சிறப்பு? காய்ப்புக் குறைந்த தென்னையை நாம் வெட்டிவிடுகிறோம் அல்லவா?" என்று வினவினார். நல்ல வினா. அதற்கு விடை தேடப் புகுந்தபோது, அவ்விடை ரோன் நதிக்கரையிலிருந்து நம் கம்பம் பள்ளத்தாக்கு வரை இழுத்துச் சென்றது.

மது என்ற சொல்லைக் கேட்டதும் நேயர்களில் பலர் முகஞ்சுளிப்பர் என்பதை அறிவேன். கள்ளும் சாராயமும் குடும்பங்களை அழித்ததைக் கண்ணாரக் கண்ட சமுதாயம் நம்முடையது. 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது; 1971இல் அது தளர்த்தப்படும் வரை ஒரு தலைமுறை அச்சட்டத்தின் கீழேயே வளர்ந்தது. சிவப்பு ஒயின் இதயத்திற்கு நல்லது என்று சில காலம் பேசப்பட்டதுண்டு. ஆனால் எவ்வளவு குறைந்த அளவாயினும் ஆல்கஹால் முற்றிலும் தீங்கற்றது எனக் கூறவியலாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகவே அறிவித்தது. ஆகவே இது பருகுதற்குச் செய்யும் பரிந்துரையன்று. ஒரு பயிரைப் பற்றியும், அதனை வளர்த்த மாந்தரைப் பற்றியும் அறிந்துகொள்ளும் முயற்சி மட்டுமே.

திராட்சை மது தமிழருக்கு அந்நியமானதும் அன்று. யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த தண்ணிய நறுமணத் தேறலைப் பாண்டியன் பருகியதைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டு குறிப்பிடுகின்றது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், அவ்வாறு கப்பலேறி வந்த இருகைச் சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. பின்னர் அவற்றை ஆராய்ந்தோர், அவற்றுட் பல கோஸ் என்னும் கிரேக்கத் தீவின் சாடி வகையைச் சேர்ந்தவை என்று கண்டனர். கோஸ் தீவார் தம் ஒயினில் கடல்நீர் கலப்பது வழக்கம். உப்புக் கலந்த அத்தேறலை நம்மவர் விரும்பினரா என்பதைப் புலவர்கள் கூறவில்லை. தண்ணிது, நறியது என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டனர். கல்கத்தாவிலும் இப்பழக்கம் பழமையானதே. கும்பினி ஆட்சிக்கால ஆங்கிலேயர் பிரெஞ்சு நாட்டுச் சிவப்பு ஒயினை 'லால் ஷராப்' என்று இந்துஸ்தானியிலேயே வழங்கினர். நதிவழியே சற்று மேலே சென்றால் 1950 வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த சந்தன்நகர்.

இனி, கிரனாஷ். பிரெஞ்சு மொழியில் இப்பெயர் பெற்ற திராட்சையை ஸ்பானியர் கர்னாச்சா என்றும், இத்தாலியைச் சேர்ந்த சார்டீனியத் தீவினர் கன்னோனாவ் என்றும் அழைக்கின்றனர். அதன் பிறப்பிடம் ஸ்பெயினின் அரகோன் பகுதி என்பாரே பலர்; சார்டீனியர் அதனை ஒப்புவதில்லை. வெயிலையும் வறட்சியையும் காற்றையும் தாங்கும் வல்லமையே இதன் தனிச்சிறப்பு. தண்டு நிமிர்ந்து தடித்து வளர்வதால் கம்பியோ பந்தலோ வேண்டுவதில்லை. குட்டையாகக் கவாத்துச் செய்தால் சிறு புதரைப் போல் தானே நிற்கும். ரோன் பள்ளத்தாக்கில் மிஸ்ட்ரால் என்னும் வடகாற்று பல நாட்கள் ஓயாது வீசும். மற்றக் கொடிகள் அலைக்கழியும் அக்காற்றில் இது அசையாது நிற்கும். காற்று ஈரத்தைத் துடைத்துவிடுவதால் பூஞ்சை நோயும் குறைகின்றது.

குறைகளும் இதற்குண்டு. தோல் மெல்லியது, ஆகவே நிறம் குறைவு. தாமதமாகப் பழுக்கும். பழுத்துவிட்டாலோ சர்க்கரை மிகுதி. ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரைக்கு ஒரு சதவீதம் ஆல்கஹால் உண்டாகும் என்பது கணக்கு. 14 சதவீத ஒயின் வேண்டுமாயின் லிட்டருக்குச் சுமார் 240 கிராம் சர்க்கரை வேண்டும். கரும்புச்சாற்றினும் இனியது அது! கிரனாஷ் இதனை எளிதில் எட்டிவிடும். அன்றியும், நீரும் உரமும் தாராளமாகக் கொடுத்தால் இக்கொடி வரம்பின்றிக் காய்க்கும். அப்பழத்தின் ஒயின் சாரமற்றுச் சப்பென்றிருக்கும். இக்காரணங்களால் நெடுங்காலம் இதனை ஒரு கூலியாளாகவே நடத்தினர். மற்ற ஒயின்களுக்கு வலுவேற்றக் கலப்பதற்கே பயன்படுத்தி, அதன் பெயரைச் சொல்லாமல் விட்டனர்.

அன்பரின் வினாவிற்கு விடை இங்கேதான் தொடங்குகின்றது. அளவுக்கு மீறிக் காய்ப்பதே இதன் பெருங்குறையெனில், அதனைத் தானாகவே குறைப்பது முதுமையாகும். ஐம்பது, அறுபது ஆண்டுகளைக் கடந்த கொடி குறைந்த குலைகளையே ஈனும். பழங்கள் சிறுத்திருக்கும். சிறு பழத்தில் சாற்றின் அளவுக்கு ஒப்பத் தோலின் பங்கு மிகுதி. நிறமும் மணமும் துவர்ப்பும் தோலில் உள்ளன. முதிர்ந்த வேர்கள் ஆழச் சென்றிருப்பதால் மழை பொய்த்த ஆண்டிலும் கொடி தளர்வதில்லை; தடித்த தண்டிலும் வேரிலும் சேமித்த உணவு இடர்க்காலத்தில் கைகொடுக்கும். இளங்கொடி ஓராண்டு சிறந்தும் மறு ஆண்டு தாழ்ந்தும் கனியும். முதுகொடியின் பழமோ பெரும்பாலும் ஒரு சீராயிருக்கும்.

ஆயினும் ஓர் ஐயத்தை மறைத்தல் முறையன்று. முதுமையினால் பழம் சிறந்ததா, அன்றிப் பழம் சிறந்திருந்ததனால் அக்கொடியை முதுமை அடையுமட்டும் வெட்டாது விட்டனரா? மோசமான மண்ணில் நட்ட கொடிகள் என்றோ பிடுங்கப்பட்டிருக்கும். எஞ்சியவற்றை மட்டும் நாம் காண்கிறோம். இவ்விரண்டும் கலந்தே நிகழ்ந்திருக்கின்றன என்பதே என் கருத்து. மேலும், எத்தனை ஆண்டாயின் 'முதியது' எனலாம் என்பதற்கு உலகம் முழுதும் ஒப்பிய சட்டம் ஏதுமில்லை. முப்பத்தைந்து ஆண்டுக் கொடியையும் முதியதென எழுதி விற்பவர் உளர்.

நூறு ஆண்டைக் கடந்த கொடிகள் ஐரோப்பாவில் அரிதாயிருப்பதற்குக் காரணம் ஒரு சிறு பூச்சி. பைலாக்ஸெரா என்னும் அது அசுவினி இனத்தோடு உறவுடையது. வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. வேரை உறிஞ்சிக் கொடியைக் கொல்வது. அமெரிக்கக் கொடிகளோடு கப்பலேறி வந்த இப்பூச்சி, 1863ஆம் ஆண்டளவில் ரோன் நதியின் தென்பகுதியில் தன் வேலையைத் தொடங்கியது. கொடிகள் ஏன் வாடுகின்றன என்று ஐந்து ஆண்டுகள் எவர்க்கும் விளங்கவில்லை. பட்டுப்போன கொடியைத் தோண்டினால் பூச்சி இராது. உணவு தீர்ந்ததும் அது அடுத்த கொடிக்குச் சென்றுவிடும். 1868இல் மோன்பெல்லியே நகரத் தாவரவியலறிஞர் பிளான்ஷோனும் அவர் தோழர்களும் பச்சையாய் நின்ற கொடியைத் தோண்டிப் பார்த்தபின்னரே உண்மை வெளிப்பட்டது. தீர்வும் அமெரிக்காவினின்றே வந்தது. அந்நாட்டுக் கொடியின் வேர் இப்பூச்சியைத் தாங்கும். ஆகவே அவ்வேரின்மீது ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டினர். வேர் ஒரு நாட்டினது, கனி மற்றொரு நாட்டினது. கனியின் பெயரும் சுவையும் மாறவில்லை. பிறமாநிலத்தில் வேரூன்றி வாழும் நமக்கு இதனை நெடிது விளக்க வேண்டுவதில்லை.

இப்பூச்சிக்கு மணல் ஆகாது. ஆதலால் மணற்பாங்கான சில இடங்களில் ஒட்டுக்கட்டாத பழங்கொடிகள் தப்பின. மற்றொரு புகலிடம் தெற்கு ஆஸ்திரேலியா. 1832இல் ஜேம்ஸ் பஸ்பி என்பவர் ஸ்பெயினிலும் பிரான்ஸிலும் தேர்ந்தெடுத்த கொடிக்குச்சிகளைச் சிட்னிக்குக் கொண்டு சேர்த்தார். அடுத்தடுத்த ஆண்டுகளில் கொடிகள் அக்கண்டமெங்கும் பரவின. 1877இல் அண்டை மாநிலமாகிய விக்டோரியாவில் பூச்சி காணப்பட்டதும் தெற்கு ஆஸ்திரேலியா விழித்துக்கொண்டது. 1899இல் தனிச்சட்டம் இயற்றி, வெளிமாநிலக் கொடிகள் உள்ளே வராதவாறு கடுமையாகத் தடுத்தது. அதனால் அம்மாநிலத்துப் பரோசாப் பள்ளத்தாக்கில் 1840களில் நட்டவை எனப்படும் கிரனாஷ் கொடிகள் தம் சொந்த வேரிலேயே இன்றும் காய்க்கின்றன.

பூச்சியினின்று தப்பிய இக்கொடிகள் அரசாங்கத்தின் கையில் தப்பவில்லை என்பதுதான் வருந்தத்தக்கது. 1980களின் நடுவில் ஒயின் விலை வீழ்ந்தது. சந்தையில் மிகுந்துவிட்ட திராட்சையைக் குறைக்கும் பொருட்டு, கொடிகளைப் பிடுங்குபவர்க்குத் தெற்கு ஆஸ்திரேலிய அரசாங்கம் பணம் கொடுத்தது. எவை முதலில் பிடுங்கப்பட்டன? விளைச்சல் குறைந்தவை, பெயர் பெறாதவை, அதாவது கிழக் கிரனாஷ் கொடிகள். கணக்கேட்டைப் பார்த்துச் செய்த காரியம் அது. கணக்கில் பிழையும் இல்லை. சில ஆண்டுகளுக்குள் உலகம் அவ்வகை ஒயினையே தேடத் தொடங்கியபோது, அவை அடுப்பெரிந்து முடிந்திருந்தன. எஞ்சியவற்றையேனும் காக்க வேண்டும் என்று 2009இல் பரோசா விவசாயிகள் ஒரு சாசனம் வகுத்தனர். 35 ஆண்டு கடந்தவை, 70 கடந்தவை, 100 கடந்தவை, 125 கடந்தவை எனக் கொடிகளை நான்கு படிகளாக அதில் பிரித்தனர். கடைசிப் படிக்கு 'மூதாதையர்' என்று பொருள்படும் பெயரை இட்டுள்ளனர்.

ஸ்பெயினிலும் இதே கதை, வேறு முடிவுடன் நிகழ்ந்தது. மாட்ரிட் நகருக்கு மேற்கேயுள்ள கிரேதோஸ் மலைச்சரிவுகளில் ஏரைத் தவிர வேறெதுவும் நுழையாத பாத்திகளில் பழங்கொடிகள் இருந்தன. இளைஞர் நகரங்களுக்குச் சென்றுவிட, முதியோர் கைவிட, அவை காடாகிக் கிடந்தன. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சில இளம் தயாரிப்பாளர் அவற்றை வாங்கிக் கவாத்துச் செய்து மீட்டனர். உயர்ந்த மலை, குளிர்ந்த இரவு, கருங்கல் மண் ஆகியவற்றில் விளைந்த கிரனாஷ், கூலியாளின் தோற்றத்தை விட்டு முற்றிலும் வேறாக வெளிப்பட்டது.

நயம் என்று புட்டியின்மீது எழுதப்பட்டிருந்தது இதனைத்தான். முன்னர், பழத்தை அளவுக்கு மீறிப் பழுக்கவிட்டு, புதிய ஓக் மரப்பீப்பாயில் ஊறவைத்து, கனத்துக் கறுத்த ஒயினாகச் செய்வதே பெருமையென எண்ணினர். நயம் நாடுவோர் சற்று முன்னரே பறிப்பர். நசுக்கிய பழத்தைத் தோலோடு தொட்டியில் இட்டால், ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையை ஆல்கஹாலாக்கும். மேலே மிதக்கும் தோலை அடிக்கடி அமுக்கிவிட வேண்டும். மிகையாக அமுக்கினால் துவர்ப்பு ஏறும். அளவறிந்து அமுக்குவதே கைத்திறம். பின்னர்ப் புதுப் பீப்பாயைத் தவிர்த்து, மரவாசனை போய்விட்ட பழைய பெரிய பீப்பாயிலோ சிமெண்டுத் தொட்டியிலோ இருத்துவர். இவ்வாறு செய்த ஒயின் வெளிறிய செந்நிறம் கொண்டது. கண்ணாடிக் குவளையின் வழியே மறுபுறம் தெரியும். பிரான்ஸின் ஷாத்தோநெஃப் தியு பாப் என்னும் ஊரில், மணற்பாங்கான நிலத்தில் விளையும் ஷாத்தோ ராயாஸ் இவ்வகைக்குப் புகழ்பெற்ற முன்மாதிரி. அவ்வூரின் பெயருக்குப் 'போப்பாண்டவரின் புதுக்கோட்டை' என்பது பொருள். போப்பாண்டவர்கள் அவிஞோன் நகரில் வீற்றிருந்த 14ஆம் நூற்றாண்டை நினைவூட்டும் பெயர். ஓர் ஏக்கருக்குச் சுமார் 1,400 லிட்டருக்கு மேல் ஒயின் எடுத்தலாகாது என்பது அங்கு விதி. தம் தோட்டங்களைக் காப்பதில் அவ்வூரார் எத்துணைக் கண்டிப்பானவர் எனில், பறக்கும் தட்டுகள் ஊர் எல்லைக்குள் இறங்கலாகாது என்று 1954இல் நகராட்சி ஆணையே பிறப்பித்தனர்! இன்றுவரை ஒன்றும் இறங்கியதாகத் தெரியவில்லை.

அன்பர் வீட்டில் நான் முகர்ந்து, ஒரு வாய் சுவைத்ததையும் மறைக்கப் போவதில்லை. மேனாட்டார் இதில் செம்புற்றுப்பழ மணமும் ராஸ்பெரி மணமும் உண்டென்பர். நம்மூர்க்காரனுக்குத் தோன்றியது வேறு: கமலா ஆரஞ்சின் தோலைக் கிள்ளினால் எழும் மணம், வெண்மிளகு, வாடிய ரோஜா. சுவையைச் சொல்ல ஆங்கிலத்தார் படும்பாடு நமக்கில்லை. டானின் என்னும் பொருள் நாவில் செய்வதை விளக்க அவர்கள் பட்டையும் தோலையும் உவமை காட்டுவர். நாம் துவர்ப்பு என்று ஒரே சொல்லில் முடித்து, அதற்கு அறுசுவையில் இடமும் கொடுத்திருக்கிறோம். வங்காளியர் இதனைக் கஷ் என்பர். கரியாஹாட் அங்காடியில் வாங்கும் மோச்சா, அதாவது வாழைப்பூ, எத்தகைய துவர்ப்போ அதன் மெல்லிய சாயல்தான் இவ்வொயினில் இருந்தது.

நம் நாட்டில் இவ்வாறு நூறாண்டுக் கொடி ஏன் இல்லை? கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்தவர் எளிதில் உணர்வர். தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில், பந்தல் பந்தலாகப் படர்ந்திருக்கும் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குளிர்நாட்டுக் கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும்; ஆண்டுக்கு ஒருமுறையே காய்க்கும். கம்பத்தில் பனிக்காலமே இல்லை. ஆகையால் உழவர் கவாத்துச் செய்யும் நாளே அக்கொடிக்கு வசந்தம். ஆண்டில் ஒருமுறைக்கு மேலும் காய்க்கவைத்து, எங்கேனும் ஒரு தோட்டத்தில் ஆண்டு முழுதும் அறுவடை நிகழுமாறு செய்கின்றனர். நாசிக்கிலும் உறக்கமில்லை. அங்கே ஏப்ரலில் ஒரு கவாத்தும் அக்டோபரில் ஒரு கவாத்தும் செய்து, கோடையின் தொடக்கத்தில் ஒரே அறுவடை எடுக்கின்றனர். அதுவே கரியாஹாட்டிற்கு வருவது. உறக்கமின்றி உழைக்கும் கொடி விரைவில் தளர்ந்துவிடும். குறைந்த காய்ப்போடு நூறாண்டு நிற்கவிட நம் உழவனின் கடன்சுமை இடந்தருவதுமில்லை. இதனைக் குறையென நான் கூறமாட்டேன். அவன் விளைவிப்பது பெரிதும் தின்னும் பழம். அதற்கு வேண்டுவது பழச்சாறும் இனிப்பும் பன்னீரை நிகர்த்த மணமுமே.

அம்மணம் மஸ்கட் இனத்தது. பன்னீர்த் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகையைச் சார்ந்தது. பூசைக்குத் திராட்சை இரசம் வேண்டிய பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832இல் இதனைத் தமிழகத்திற்குக் கொணர்ந்தார் என்று வழங்கி வருகின்றனர். சற்று நின்று எண்ணவேண்டிய செய்தி இது. மஸ்கட் ஹாம்பர்க், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் இருவேறு திராட்சைகளை இணைத்து உண்டாக்கிய வகை எனத் தோட்டக்கலை நூல்கள் கூறுகின்றன. அங்ஙனமாயின் 1832இல் வந்தது வேறொரு கொடியாயிருத்தல் வேண்டும். பன்னீர் பின்னர் வந்து அதன் இடத்தையும் வரலாற்றையும் சேர்த்தே பெற்றுக்கொண்டது போலும். எனினும் பஸ்பியின் குச்சிகள் சிட்னியை அடைந்த அதே ஆண்டை நம்மவரும் நினைவில் வைத்திருப்பது இனிய ஒற்றுமைதான்.

அன்பர் கேட்ட மொழிபெயர்ப்பு எஞ்சியிருந்தது. 'பழைய கொடி' என்றெழுதத் தொடங்கினேன். பழைய சோறும் பழைய செய்தித்தாளும் நினைவுக்கு வந்தன. ஆயினும் பழைய அரிசியையும் பழம்புளியையும் விலை கூடுதலாய்க் கொடுத்து வாங்குபவர் நாமேயன்றோ? லேக் மார்க்கெட்டுத் தமிழ்க் கடைகளில் நல்ல புளியை 'நயம் புளி' என்றே இன்றும் கேட்கலாம். வங்காளத்திலும் பழைய அரிசி சோற்றில் பெருகும் என்றொரு பழமொழி உண்டு. அன்பர் அதனைச் சொல்லி நகைத்தார். முடிவில் 'முதுகொடித் தேறல், நயம்' என்று ஒரு சீட்டில் எழுதி, அதன் பொருளை அவருக்கு வங்காளத்தில் உரைத்தேன். அவர் அதனைப் புட்டியின்மேல் ஒட்டி வைத்தார். கிரனாஷ் ஒயின் காற்றுப்பட்டால் விரைவில் கெடும் இயல்பினது. திறந்தபின் இரண்டு மூன்று நாட்களுக்குள் செலவழிக்க வேண்டும். அவர் இல்லத்தரசியார் மூன்றாம் நாள் எஞ்சியதை ஆட்டிறைச்சிக் குழம்பில் ஊற்றிவிட்டார் என்று கேள்வி.